ஒன்பது பதினேழு

தொடர் ஒன்பதுக்குத் தொடங்கும்.
நான் ஏழுக்கே கம்பெனி பஸ் ஏறியிருப்பேன்.
அதனால் பெட்டிதான் எனக்காக உட்கார்ந்து பார்க்கும்,
ரெலாவ் பிளாட்டில், பதினோராம் மாடியில்,
ஒரு பிஸ்கட் டின் மேல்.

காலை எட்டுக்கு வந்து
ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டு போட்டால்
மாமியார் கடிதத்தைப் பிரிக்கிறாள்,
பிரிக்கிறாள்,
அவ்வளவுதான்.
மூன்று நாளாக, நாலு நாளாக
எவர் வீட்டு ரகசியமும்
பதினேழாம் நிமிடத்தைத் தாண்டவில்லை.

பாயான் லெப்பாசில் எனக்கு வேலையே பழுது பிடிப்பது.
ஹார்ட் டிஸ்க் வரிசையாக வரும்.
எழுதிப் பார், படித்துப் பார்,
பாஸ், ரிஜெக்ட்.
இந்தப் பெட்டிக்குள் சுற்றுவதும்
என் கை ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் தள்ளிவிட்டதாக இருக்கலாம்.
அந்தக் கூச்சத்தோடுதான் ரிமோட்டை எடுத்தேன்.

முதலில் படம்.
எல்லா முகமும் ஊதா.
கேபிளைக் கழற்றி, ஊதிச் செருகினேன்,
தோல் நிறம் திரும்பியது.
மழை வந்தால் ஆட்கள் சதுரம் சதுரமாக உதிர்வார்கள்,
அதற்கு மருந்தில்லை.
இது பினாங்கு, இது அக்டோபர்,
கூரைத் தட்டுக்குக் குடையா பிடிப்பது?

பிறகு சத்தம்.
வயலின் வருகிறது, வசனம் வரவில்லை.
ஆறு ஒலிபெருக்கி உள்ள வீட்டுக்கான அமைப்பாம்.
எங்களிடம் இருப்பது இரண்டு, அதில் ஒன்று இருமும்.
ஸ்டீரியோவுக்கு மாற்றினேன்.
மாமியார் பேசினாள்.
பேசாமலே இருந்திருக்கலாம்.

கடைசியில் இந்தச் சிவப்புப் பொட்டு,
தூக்கமா சாவா என்று சொல்லாத வெளிச்சம்.
நாலு மணி நேரம் யாரும் தொடாவிட்டால்
தானே உறங்கிவிடும் என்றது மெனு.
அதை நிறுத்தினேன்.
மறுநாளும் பதினேழு.
ஆ கியாட் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.
தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார்,
"உன் வீட்டுக் கரண்ட் சரியில்லை" என்று
இருபது வெள்ளி வாங்கினார்.

புதன்கிழமை எனக்கு லீவு.
அறையில் விளக்கில்லாமல் படுத்திருந்தேன்,
பஸ் ஏறிவிட்டேன் என்று
தவமணியக்கா நினைத்திருக்கலாம்.
வாடகையில் பாதி, பேச்சில் கால்வாசி,
ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை.
ஒன்பது பதினாறுக்கு
ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தார்.
வேலை செய்யும் ஒரே சுவிட்சிலிருந்து
பெட்டியின் பிளக்கை உருவினார்,
அயர்ன் பெட்டியைச் செருகினார்.
போர்வையை நாலாக மடித்துத் தரையில் போட்டு
ஒரு சட்டையைப் பரப்பினார்.

ஆண் சட்டை. முழுக்கை, வெளிர் நீலம்.
காலர், தோள், கை,
பொத்தான்களுக்கு நடுவே
இரும்பின் மூக்கை நுழைத்து நுழைத்து.
முன்பே ஒரு சுருக்கமும் இல்லாத சட்டை அது.
மூன்று வருடத்தில் எங்கள் வாசலில்
கேஸ் கொண்டுவரும் பையனுடையதைத் தவிர
ஆண் செருப்பு நான் கண்டதில்லை.

கதவுக்குப் பின்னால் மாட்டினார்.
பெட்டியின் பிளக்கைப் பழையபடி செருகினார்,
எதிலும் ஒழுங்கான ஆள்.
சிவப்புப் பொட்டு எரிந்தது.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல்:
படம் இல்லை. ஒலி இல்லை. உறக்கத்திலிருந்து எழவில்லை.
எதிர் வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்று.
நான் பார்த்ததற்கு அதில் வரியில்லை,
பாஸ் என்றோ ரிஜெக்ட் என்றோ
எந்தப் பக்கம் தள்ளுவது?

மறுநாள் எட்டு வெள்ளிக்கு
மூன்று கண் எக்ஸ்டென்ஷன் ஒன்று வாங்கிச்
சுவரோரம் வைத்தேன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"பசியாறிட்டியா?" என்றார்,
வழக்கம்போல.

இப்போது முழுத் தொடரும் இருக்கிறது.
கடிதத்தில் ஒன்றுமில்லை,
நிலவரி பாக்கியாம்.
பாதியில் தூங்கிவிடுகிறேன்.
ஆனால் பதினேழாம் நிமிடத்துக்கு விழித்திருப்பேன்.
மாமியாரின் கன்னத்தில்
ஒரே ஒரு சதுரம் உதிர்ந்து
திரும்ப ஒட்டிக்கொள்ளும்,
மழை இல்லாத இரவிலும்.